கிரகணக் கண்ணாடி

என் வீட்டுக்காரர் செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரப் பட்டறை ஒன்றில் வெல்டிங் வேலை பார்த்தார். அறுபதுகளில் ஊருக்கு ஊர் கரண்டு வந்து, கிணற்றுக்குக் கிணறு மோட்டார் இறங்கிய காலம். வேலைக்குக் குறைவில்லை, கண்ணுக்குத்தான் காவல் இல்லை. கையில் பிடிக்கும் தடுப்பு ஒன்று பட்டறையில் கிடந்தது. அதைப் பிடித்தால் இரும்பை யார் பிடிப்பது என்று ஓரமாகப் போட்டுவிட்டு, கண்ணை இறுக்கி மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டு பற்றவைப்பார்.

வீட்டுக்கு வந்தால் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் துடிப்பார். அப்போது எங்கள் மகள் கைக்குழந்தை. தாய்ப்பால் விட்டால் கண் குளிரும் என்றார்கள், விட்டேன். "புள்ளைக்குக் கொஞ்சம் மிச்சம் வைமே" என்பார். வலியிலும் வாய் மட்டும் அடங்காது. ஒருநாள் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"ரெண்டு புள்ளைக்கு என்னால ஊத்த முடியாது. போய் தலைல மாட்டற ஹெல்மெட்டு வாங்கினு வா" என்று கத்தினேன்.

"நீயும் வந்து பாத்து வாங்கிக் குடு" என்றார்.

குழந்தையோடு பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு ஹெல்மெட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றில் இளம்பச்சைக் கண்ணாடி, இன்னொன்றில் கிட்டத்தட்ட கறுப்பு. இவருக்குப் பச்சைதான் பிடித்தது.

"இதுல எல்லாம் பளிச்சுனு தெரியுது."

"கேஸ் வெல்டிங்குக்கு அது. நீங்க பண்றது கரண்டு வெல்டிங். எரியறப்ப மட்டுந்தான் தெரியணும், மத்த நேரம் இருட்டாத்தான் இருக்கணும். உடைஞ்சாலும் இதே கண்ணாடிதான் போடணும்" என்றார் கடைக்காரர்.

நான் கறுப்பை வாங்கி என் தலையில் மாட்டிப் பார்த்தேன். எதிரில் இவர் தோளில் இருந்த மகள்கூடத் தெரியவில்லை. "இதுதான்" என்று சொல்லிவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே கூத்து. இவர் ஹெல்மெட்டை இறக்கினால் குழந்தை அழும், தூக்கி முகத்தைக் காட்டினால் சிரிக்கும். பஸ்ஸே இவர்களை வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு அவர் கண்ணுக்கு என் பால் தேவைப்படவில்லை.

மகள் நடக்கத் தொடங்கியிருந்த சமயம், அந்தக் கண்ணாடி விரிசல் விட்டுப்போனது. மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ் ஒன்று ஏணி உடைந்து பட்டறையில் நின்றது. கூட்டம் காத்திருக்கிறது என்று பஸ் முதலாளி இவர் தலைமேல் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கிரகணம் பார்க்க எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதையே இவர் செய்தார். ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டிக் கறுப்பாக்கி, ஹெல்மெட்டில் செருகிக்கொண்டார்.

"சூரியனையே இதுல பாக்கறோம். இது இன்னா பெருசு?" என்றாராம்.

பஸ் போய்விட்டது. அன்றைக்குக் கண் கரித்திருந்தால் பிழைத்திருப்போம். கரிக்கவே இல்லை. அதனால் பாண்டிச்சேரிக்குப் போகும் அவசரம் யாருக்கும் இல்லை. மசி உதிர்ந்தால் மறுபடி புகையில் காட்டிக்கொள்வார், அவ்வளவுதான்.

மாதங்கள் ஓடின. ஒருநாள் வாசலில் நின்று கோட்டை மலையைப் பார்த்து, "ராஜகிரிய நேராப் பாத்தா உச்சியக் காணோமே. சுத்தி வானம் இருக்குது" என்றார். வழக்கமான கிண்டல் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். புகை போட்ட கண்ணாடி வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டுமே தவிர, சூட்டைத் தடுக்காது என்றார். நடுப்பார்வை வெந்துவிட்டது, இனி ஓரம் மட்டும்தான், திரும்பாது என்றார். மகள் அதற்குள் பால் மறந்திருந்தாள். இல்லாவிட்டால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்காரவைத்து அவர் கண்ணில் பாலை விட்டிருப்பேன். அப்படித்தான் இருந்தது என் புத்தி.

வெல்டிங் போனது. எதையாவது பார்க்க வேண்டுமானால், அதற்குப் பக்கத்தில் பார்க்கப் பழகிக்கொண்டார். சுவரைப் பார்த்தால் கதவு தெரியும். மகளின் முகம் வேண்டுமென்றால் அவளுக்குப் பின்னால் இருக்கும் தூணைப் பார்ப்பார். அவளை அப்படித்தான் ஆசை தீரப் பார்ப்பார். குழந்தைக்கு அது எப்படிப் புரியும்? நைனாவுக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும் காலையில், புதுப் பாவாடை கட்டி, பூ வைத்து அனுப்பினேன். "நைனா, என்னப் பாரு" என்று போய் நின்றாள். அவர் உடனே முகத்தைத் தூண் பக்கம் திருப்பினார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையாலும் அவர் கன்னத்தைப் பிடித்து, முகத்தைத் தன் பக்கம் நேராகத் திருப்பினாள்.

"அங்க இல்ல நைனா. என்னப் பாரு."

ஒரு சொல் சொன்னால் போதும், அவள் விட்டிருப்பாள். அவர் சொல்லவில்லை. அவள் கையை விலக்கவும் இல்லை. அவள் முகம் மட்டும் இல்லாத இடத்தை நேராகப் பார்த்து, "அழகா இருக்கறம்மா" என்றார்.