ஒட்டுக்குள்ளே ஒரு பூச்சு

இரண்டாயிரத்து ஆறில், புதுச்சேரியில் நடந்தது. அப்போது பழைய வேன் ஒன்றை நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். வாரநாட்களில் பள்ளிப் பிள்ளைகள். சனி, ஞாயிறில் நோணாங்குப்பம் படகுத்துறையிலிருந்து சுற்றுலாக்காரர்கள். கடலில் குளித்துவிட்டுச் சொட்டச் சொட்ட ஏறுவார்கள். பெண் ஓட்டும் வண்டி என்று யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று, வெளியே பளபளவென்று வைத்திருப்பேன்.

ஒரு நாள் காலை பின் சீட்டிலிருந்து ஒரு யு.கே.ஜி. குழந்தை, "ஆன்ட்டி, என் ஷூ ரோட்டுல விழுந்துடுச்சு" என்றாள். நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். ரப்பர் விரிப்பு விலகி, தரைத்தகட்டில் ஓட்டை. அதற்குள் அவள் கால் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, கீறல்கூட இல்லை.

எட்டு மாதம் முன்புதான் அதே இடத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்யக் கொடுத்திருந்தேன். பிள்ளைகளை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, அதைச் செய்துகொடுத்த, எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்துப் பட்டறைக்கு நேராகப் போய்க் கத்தினேன். பட்டறைக்காரருக்கு என் வயசுதான் இருக்கும். பழைய ஒட்டுத் தகட்டை உளியால் பெயர்த்துக் கையில் கொடுத்தார். மேலே பெயின்ட் மினுமினுத்தது. திருப்பினால் உள்பக்கம் முழுக்கத் துரு, தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. ஒட்டப்போகும் இரண்டு தகட்டின் உள்பக்கமும் துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாக பிரைமர் பூச்சு அடித்துக் காயவைக்க வேண்டும், வண்டி நாளைக்குத்தான் கிடைக்கும் என்று அன்றே சொல்லியிருந்தார். நான்தான், "நெருப்புல கருகப்போற பூச்சு எதுக்குங்க? மேல பாக்க நல்லா இருந்தா போதும், இன்னைக்கே குடுங்க" என்று விரட்டினேன்.

சொல்லிக்காட்டப் போகிறார் என்று நின்றேன். அவரோ, "உங்களுக்கு அவசரம், கேட்டீங்க. விஷயம் தெரிஞ்ச நான் ஏன்க்கா ஒத்துக்கிட்டேன்? தப்பு என்னுதுதான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனாலும் அந்தப் பூச்சு நெருப்பில் எப்படித் தாங்கும் என்று பார்க்காமல் கிளம்ப மனசில்லை. கேட்டேவிட்டேன். சிரித்துக்கொண்டே இரண்டு துண்டுத் தகட்டில் சாம்பல் நிற பிரைமரைப் பூசிக் காயவைத்தார். இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்து, ஆறியதும் பிரித்துக் காட்டினார். வெல்டிங் புள்ளியைச் சுற்றிக் கொஞ்சம்தான் கருகியிருந்தது. அதைத் தாண்டிப் பூச்சு அப்படியே இருந்தது.

"உப்புத்தண்ணி மொதல்ல இதைத்தான் தின்னும். அதுவரைக்கும் இரும்பு தப்பிச்சுக்கும்" என்றார்.

அன்று சாயங்காலமே புது ஷூ வாங்கிக்கொண்டு அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மாவிடம் என் அவசரத்தையும் மறைக்காமல் சொன்னேன். பட்டறைக்காரர் அப்படிச் சொல்லியிராவிட்டால் எனக்கு வாய் வந்திருக்காது. இனி என் வண்டியில் பிள்ளையை அனுப்ப மாட்டார் என்றே நினைத்தேன். இந்த முறை பூச்சு நன்றாகக் காய்ந்து, வேன் பட்டறையிலிருந்து திரும்பி வந்த காலையில், அந்தக் குழந்தை புது ஷூவோடு வாசலில் நின்றாள்.

வண்டி மாறிப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்றும் வாரம் ஒருமுறை விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறேன். அப்போதெல்லாம், என் தப்பையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொண்ட அந்த மனுஷனை நினைத்து எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.