பட்டியலில் சேர்ந்த எண்

கோவை பீளமேட்டில் கம்ப்யூட்டர் கேம் எழுதும் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் அவர். நரைத்த தாடி, தணிந்த குரல். விளையாட்டில் எதிரி செத்தால் கதவு திறக்க வேண்டும், ஸ்கோர் ஏற வேண்டும். எதிரி செத்த சேதி போக வேண்டிய கதவு, ஸ்கோர் எல்லாவற்றையும் நிரலில் முன்பே ஒரு பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும்; விட்டுப்போனதற்குச் சேதி போகாது. "எதாச்சும் உட்டுப்போச்சுங்களா?" என்று நான் எழுதியதை மூன்று முறை பார்ப்பார்.

அவர் மேசையில் ஒரு பட்டன் போன் எப்போதும் சார்ஜில் கிடக்கும். ஒரு நாள் அதில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் யானை வந்திருப்பதாக வனத்துறையின் எச்சரிக்கைச் சேதி வந்தது. எடுத்துப் பார்த்தார்.

"யாரோட போனுங்க?"

"எங்கய்யனுதுங்க. இந்தச் சேதி வர்ற லிஸ்ட்ல நம்பரைச் சேத்தோணும்னு சொல்லிட்டே இருந்தேன். அதுக்குள்ள அவரை யானை அடிச்சுப்போட்டுதுங்க. காரியம் முடிஞ்சப்பறந்தான் சேத்துனேன்."

அப்பாவின் போனை மறுபடி சார்ஜில் போட்டுவிட்டு என் திரைப்பக்கம் திரும்பினார். "ஏனுங்க, லிஸ்ட்ல கதவைச் சேத்தியாச்சுங்களா?"

சேர்த்துத்தான் இருந்தேன். இருந்தாலும் பட்டியலைத் திறந்து பார்த்தேன்.