அக்காவின் கருவாட்டுப் பை

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் மூத்த மகளாகப் பிறந்த எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. எழுத உட்கார்ந்தால் இன்னும் கை வரவில்லை.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துக் காலமானபின் என்னை வளர்த்தவர் அக்காதான். காலையில் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் போய்க் கொழுந்து பறிப்பார், மாலையில் கோழிகளைப் பார்ப்பார். கடைத்தீவனம் விலையேறி, மூட்டை கிடைப்பதே அரிதானபோது லயத்தில் பலரும் கோழிகளை விற்றுவிட்டார்கள். அக்கா விற்கவில்லை. தவிடும் புண்ணாக்கும் மட்டும் போட்டால் முட்டை குறைந்துவிடும், மீனின் புரதமும் சேர வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். பதுளையில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் கருவாட்டுத் தலைகளைப் பை நிறைய வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்து, உப்புப் போக ஊறவைத்து, காயவைத்து இடிப்பார்.

"உப்பு நின்னுச்சுன்னா கோழி செத்துரும்டி. இன்னொரு தண்ணி மாத்து" என்பார்.

அந்த முட்டைகளை விற்றுத்தான் என்னை ஆசிரியை ஆக்கினார்.

ஆனால் அந்தக் கருவாட்டு வாடை சும்மா விடாது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். "பாத்தியா, ராணி மாதிரி எனக்கு மட்டும் ரெண்டு சீட்டு" என்று சிரிப்பார்.

நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றும், "கருவாட்டுத் தலை ஊறுதே, தண்ணிய மாத்திட்டியா?" என்றார். "மாத்திட்டேன்க்கா" என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை.

காரியத்துக்கு முன் சித்தி அக்காவின் துணிகளையெல்லாம் துவைத்துப் போட்டிருந்தார். ஓடிப்போய் சுவெட்டரை எடுத்து முகர்ந்தேன். சவர்க்கார வாசம்தான் வந்தது. கொடியடியிலேயே உட்கார்ந்து அழுதேன். சித்தி என்ன செய்வார், நல்லதென்று நினைத்துத்தானே செய்தார்.

மழையில் வழுக்கும் பாதையில் அக்காவைச் சுமந்து சென்ற லயத்துப் பிள்ளைகளுக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்ற நானாவுக்கும், ஒருநாளும் முகம் சுளிக்காமல் பின் சீட்டைக் காட்டிய பஸ் கண்டக்டர் தம்பிக்கும் என்ன சொல்லி நன்றி கூறுவேன்!

கோழிகள் இப்போது என் பொறுப்பு. போன மாதம் அதே பையில் கருவாட்டுத் தலைகளோடு பஸ் ஏறினேன். பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து முன்னால் போய்விட்டார். கண்டக்டர் தம்பி என்னைப் பார்த்து, "அக்கா சீட்டுங்க டீச்சர், நல்லா உக்காருங்க" என்றார்.

ஜன்னலோரம் நகர்ந்து, அக்காவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன்.