டிசம்பர் மாதக் கூட்டம்

நேசமலர் நாகேந்திரம் பொய் சொல்லத் தெரியாதவர் என்பது வெள்ளவத்தையில் அவர் குடியிருந்த ஒழுங்கை முழுவதும் அறிந்த விஷயம். தேங்காய்க் கடைக்காரன் மிச்சக் காசைக் கூடக் கொடுத்தால் பாதி வழியில் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். 2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முழுவதும் அதே நேசமலர் காலை எட்டரை தொடக்கம் மாலை நாலேகால் வரை அலுவலகத்தில் உட்கார்ந்து நடக்காத கூட்டங்களின் அறிக்கைகளைத் தட்டெழுதிக்கொண்டிருந்தார் என்பது ஒழுங்கைக்குத் தெரியாது. இரண்டும் உண்மை. ஒன்று மற்றதைக் கெடுத்ததாக அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அவர் வேலை செய்தது கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தின் பண்டைய இந்திய வரலாறு, தொல்லியல் துறையில். ஐந்து விரிவுரையாளர்கள், ஒரு தட்டெழுத்தாளர், கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் றொபேட் என்ற பியோன், பானையோடுகள் நிறைந்த பதினேழு மரப்பெட்டிகள். ஐந்து பேரும் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின அரசன் எந்த ஆண்டு பட்டத்துக்கு வந்தான் என்பதில் பதினைந்து வருடமாகச் சண்டை பிடிப்பவர்கள். போன மாதம் தாங்கள் என்ன முடிவெடுத்தோம் என்பதில் ஒருவருக்கும் அக்கறை கிடையாது. முடிவுகள் படிக்கட்டில் எடுக்கப்படும், அல்லது தேத்தண்ணி குடிக்கையில். எழுதி வைக்கும் பழக்கம் இல்லை.

அப்படியிருக்கத்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. எல்லாத் துறைகளையும் வெளியிலிருந்து மூன்று பேராசிரியர்கள் வந்து மதிப்பிடுவார்கள், இந்தத் துறையின் முறை செப்டெம்பரில், மூன்று நாள். பார்க்கவேண்டிய ஆவணங்களின் பட்டியலில் நாலாவது, கடந்த முப்பது மாதங்களின் துறைக் கூட்ட அறிக்கைகள்.

துறைத் தலைவர் கலாநிதி பாலசுந்தரம் நாணயவியல் படித்தவர். கள்ளக் காசை மூக்கால் மணந்தே சொல்லிவிடுவார் என்று பெயர். அவர் நேசமலரின் மேசைக்கு வந்து நின்று, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"மிஸிஸ் நாகேந்திரம், நாங்கள் கூட்டம் கூடினனாங்கள்தானே?"

"கூடிக் கதைச்சனீங்கள் சேர்."

"அதைத்தான் சொல்லுறன். கதைச்சதை எழுதேல்லை, அவ்வளவுதான். இப்ப எழுதினால் பிழையோ?"

"முப்பது மாசம், சேர்."

"உங்கட நீடிப்புக் கடிதம் என்ர மேசையில கிடக்கு. இந்த மதிப்பீடு முடியட்டும், ஆறுதலாப் பாப்பம்."

பாலசுந்தரம் கெட்ட மனிதர் அல்லர். ஒன்றையொன்று தொடாத இரண்டு வசனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் தெரிந்தவர். நேசமலருக்கு விளங்கியது.

நவம்பரில் அவருக்கு ஐம்பத்தைந்து. அதற்குப் பிறகு வேலையில் இருப்பதென்றால் வருடாவருடம் சேவை நீடிப்புக் கேட்கவேண்டும். தலைவர் சிபாரிசு செய்யவேண்டும். மற்ற ஊரில் இது சம்பளப் பிரச்சினை. வெள்ளவத்தையில் வேறு. போர்க்காலக் கொழும்பில் தமிழர் ஒவ்வொருவரும் பொலிசில் பதியவேண்டும். அந்தப் பதிவுப் பத்திரத்தில் 'கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நேசமலருக்கு நேரே 'தொழில்' என்றிருந்தது. கணவர் நாகேந்திரம் இளைப்பாறிய தபாலதிபர். அவருக்கு நேரே 'மனைவியின் தொழில்' என்றிருந்தது. ஒரு கடிதம் நின்றால் இரண்டு கட்டம் வெறுமையாகும். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பலாம் என்றால் போரில் பாதை போன வருடமே பூட்டியாயிற்று. இருக்கக் காரணம் வேண்டும், போக வழி வேண்டும். இரண்டில் ஒன்றாவது மனுசருக்கு இருக்கவேண்டும் அல்லவா?

ஆகவே எழுதினார். எழுதியது சும்மா வேலையில்லை. தலைவரின் நாட்குறிப்பு, லீவுப் பத்திரங்கள், பரீட்சைத் திணைக்களக் கடிதங்கள் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, எந்த மாதம் எதைக் கதைத்திருப்பார்கள் என்று அடுக்கடுக்காகத் தோண்டி எடுத்தார். ஒவ்வொரு மாதமும் முதற் செவ்வாய், காலை பத்து மணி என்று ஒரு வழக்கத்தை நிறுவினார். கலண்டரை வைத்துப் பௌர்ணமிப் போயா நாளையும் அரசாங்க விடுமுறையையும் விலக்கினார். வெளிநாடு போயிருந்த விரிவுரையாளரை அந்தந்த மாதம் 'வரவில்லை' என்று போட்டார். இரண்டு இடத்தில் சண்டைகூட வைத்தார். சண்டை இல்லாத கூட்டத்தை இந்தத் துறையை அறிந்த எவரும் நம்பமாட்டார்கள்.

ஓரிடத்தில் றொபேட்டே அசந்துபோனான். கொழும்பின் உப்புக் காற்றில் ஒரு மாரி போனால் குண்டூசி கறள் பிடித்து, தாளில் மண்ணிறக் கோடு விழும். நேசமலர் பழைய கோப்புகளிலிருந்து கறள் பிடித்த ஊசிகளைக் கழற்றிப் புதுத் தாள்களில் குத்தி, ஈரத் துணியைப் போட்டு இரண்டு நாள் மூடி வைத்தார்.

"மிஸ், நீங்க இந்தத் துறையில படிப்பிக்கிற ஆள். பிழையா டைப்பிஸ்டுக்கு வந்திட்டீங்க," என்றான் றொபேட்.

"வாயை மூடிக்கொண்டு அந்தப் பெட்டியளைத் துடையும்."

செப்டெம்பர் இரண்டாம் கிழமை, புதன்கிழமை, மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள். தலைமை தாங்கியவர் பேராசிரியர் விமலரத்ன. கல்வெட்டு வாசிப்பவர், மெலிந்த, மெதுவாகக் கதைக்கிற மனிதர். கூட வந்த இருவரும் முதல் நாள் முழுவதும் விரிவுரையாளர்களையும் மாணவர்களையும் பார்த்தார்கள். பாலசுந்தரம் வரவேற்புரையில், "மாதந்தவறாமல் துறைக் கூட்டம் நடைபெறும், அறிக்கைகள் உண்டு," என்று ஆங்கிலத்தில் அழுத்திச் சொன்னார்.

பின்னேரம், மறுநாள் பார்வைக்காக நேசமலர் கோப்புகளை நீள மேசையில் அடுக்கினார். இடப்பக்கம் கூட்ட அறிக்கைகள். அதற்குப் பக்கத்தில் துறையிலிருந்து வெளியே போன கடிதங்களின் கோப்பு. அது உண்மைக் கோப்பு. தூசி தட்டுவதற்காக விரித்தார். விரிந்த இடத்தில் கிடந்தது, தொலைநகலில் அனுப்பிய ஒரு பக்ஸ் தாளின் பிரதி.

'வெள்ளவத்தை பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு. தங்கள் நிலையத்தில் இன்று காலை தொடக்கம் தடுத்து வைக்கப்பட்டிருக்கும் திருமதி நே. நாகேந்திரம் எனது துறையில் பதினொரு வருடமாகப் பணிபுரிபவர்...' கீழே பாலசுந்தரத்தின் கையெழுத்து. மேலே இயந்திரம் அடித்த திகதியும் நேரமும்: 2006 டிசம்பர் 5, முற்பகல் 11.20.

டிசம்பர் ஐந்து. முதற் செவ்வாய்.

அன்றைக்கு விடிய ஒழுங்கையைச் சுற்றிவளைத்து நாற்பது பேரைக் கொண்டுபோனார்கள். நேசமலர் பின்னேரம் மூன்று மணிவரை பொலிஸ் நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஆனால் டிசம்பர் மாத அறிக்கையின்படி பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது, அவர் பிரசன்னம், குறிப்பு எடுத்தவரும் அவரே. பாலசுந்தரம் பன்னிரண்டேகால் வரை இடைவிடாமல் தலைமை வகித்தார். எல்லாருடைய லீவையும் பார்த்த நேசமலர் தன்னுடையதைப் பார்க்கவில்லை. பொலிசில் இருந்த நாளுக்கு லீவுப் பத்திரம் நிரப்புகிற வழக்கம் ஒரு அலுவலகத்திலும் கிடையாது.

இரண்டு கோப்புக்கும் இடையில் மேசையில் நாலு விரற்கடை இடைவெளி. நாளைக்குப் பார்க்கப்போகிறவர் நாற்பது வருடமாக ஒரு கல்லை இன்னொரு கல்லோடு ஒப்பிட்டே சீவித்தவர். ஏதாவது செய்யலாம் என்றால் அதற்குள் பதிவாளரின் ஆள் வந்து அறையைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோய்விட்டான்.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நாகேந்திரம் கவனித்தார்.

"என்ன, உப்புக் கூடிப்போச்சோ?"

நடந்ததைச் சொன்னார். நாகேந்திரம் முப்பத்திநாலு வருடம் தபால் முத்திரையில் திகதியை மாற்றி மாற்றிக் குத்தியவர். திகதி என்றால் பகிடி விடமாட்டார்.

"அப்ப ஒண்டைக் கழட்டும்."

"எதை?"

"கடிதத்தைக் கழட்டினால் அண்டைக்கு உம்மை ஏன் விட்டவங்கள் எண்டதுக்கு உம்மட பக்கம் சாட்சியில்லை. நாளைக்குப் பொலிஸ் கேட்டால்?"

"அறிக்கையைக் கழட்டினால் டிசம்பர் ஓட்டையாக் கிடக்குமே. தலைவர் மாதந்தவறாமல் எண்டு சொல்லிப்போட்டார்."

"தலைவரை ஆரும் பஸ்ஸில ஏத்தி வவுனியாவில இறக்கமாட்டாங்கள்," என்றார் நாகேந்திரம். தக்க காரணம் இல்லாமல் தங்கியிருந்த தமிழரை ஜூன் மாதம் அப்படித்தான் கொழும்பிலிருந்து ஏற்றி அனுப்பினார்கள், அந்த வருடம் அது பகிடியாகச் சொல்லக்கூடிய வசனம் அல்ல. அவரும் சிரிக்கவில்லை.

ஆக, பொய்யைக் கிழிப்பது என்றும் உண்மையை வைத்திருப்பது என்றும் அந்தச் சாப்பாட்டு மேசையில் முடிவாயிற்று. அறத்துக்கும் அந்த முடிவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வியாழன் காலை பத்தரைக்கு றொபேட் தேத்தண்ணித் தட்டோடு மதிப்பீட்டு அறைக்குள் போனபோது நேசமலர் பிஸ்கட் தட்டோடு பின்னால் போனார். மற்ற இருவரும் வெளியே பல்கனியில் நின்றார்கள். விமலரத்ன ஜன்னலோரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். றொபேட் அவருக்கு நேரே போய், தான் அறிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்து, சீனி எத்தனை கரண்டி, பால் வேணுமா, மேல்மாடிப் பானையோட்டைப் பார்த்தாரா என்று மறித்து நின்றான். அதற்குள் நேசமலர் டிசம்பரைக் கழற்றினார். அவசரத்தில் ஊசி விரலில் ஏறிற்று. வெளியே வந்ததும் றொபேட், "குடுங்க மிஸ்," என்று வாங்கி, தேயிலைச் சக்கை வாளிக்குள் அமுக்கினான்.

"பாத்திருப்பாரே?"

"அவரு கண்ணாடியில்லாம என்னையே ரெண்டு ஆளாத்தான் பாத்திருப்பாரு."

பன்னிரண்டு மணிக்கு அலுவலக ஊழியரை அழைத்தார்கள். ஊழியர் என்றால் நேசமலரும் றொபேட்டும்தான். பாலசுந்தரமும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். சட்டப்படி அவர் அங்கே இருக்கக்கூடாது, ஆனால் போகச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

விமலரத்ன அறிக்கைக் கோப்பைத் திறந்து ஆங்கிலத்தில் கேட்டார். "இருபத்தொன்பது இருக்கிறது. போன டிசம்பரைக் காணவில்லை. தலைவர் மாதந்தவறாமல் என்றாரே?"

பாலசுந்தரம் நேசமலரைப் பார்த்தார். நாணயம் மணக்கும் மூக்கு வியர்த்திருந்தது. "அது... கோப்பு வைக்கையில் விழுந்திருக்கும். கூட்டம் நடந்தது. எனக்கு நல்ல ஞாபகம்," என்றார்.

ஓம் என்றால் தலைவர் தப்புவார், தேடச் சொல்வார்கள், பக்கத்துக் கோப்பையும் புரட்டுவார்கள். இல்லையென்றால் தலைவர் பொய்யர். மேசையில் கிடக்கிற நீடிப்புக் கடிதம் கிடந்தபடியே கிடக்கும்.

"டிசம்பரில் கூட்டம் நடக்கவில்லை சேர்," என்றார். "முதற் செவ்வாய் நான் வெள்ளவத்தைப் பொலிசில் இருந்தேன். தலைவர் எனக்காக அன்று முழுவதும் தொலைபேசியோடு நின்றார். அவருக்கு அது மறந்திருக்கும். எனக்கு மறக்காது."

விமலரத்ன கையை நீட்டி மற்றக் கோப்பை இழுத்தார். விரித்தார். பக்ஸ் பிரதியை இரண்டு தரம் வாசித்தார், மேலே இருந்த நேரத்தையும் சேர்த்து. பிறகு பாலசுந்தரத்தைப் பார்த்து, "நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள்," என்றார். பாலசுந்தரம் உண்மையாகவே கலங்கிப்போனார். அன்றைக்கு அவர் உண்மையாகவே தொலைபேசியோடு நின்றவர்தான். அந்தத் துறையில் அந்த முப்பது மாதத்தில் நடந்த ஒரே அவசரக் காரியம் அது.

"அப்படியானால் மற்ற இருபத்தொன்பதும் நடந்தவை?" என்று விமலரத்ன நேசமலரைக் கேட்டார்.

"எழுதியிருக்கிறது சேர்."

விமலரத்ன கல்வெட்டுக்காரர், எழுதியிருப்பதற்கும் நடந்ததற்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரியாததல்ல. பேனையைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டார்.

ஒக்டோபர் கடைசியில் மதிப்பீட்டு அறிக்கை வந்தது. கற்பித்தல் 'திருப்தி'. ஆய்வு 'திருப்தி'. நூலகம் 'போதாது'. நிருவாகமும் ஆவணப் பராமரிப்பும் 'நன்று'. கூடவே, 'இடைவெளியையும் மறைக்காத நேர்மையான பதிவுகள்' என்றொரு வரி. முழு அறிக்கையிலும் ஒரே 'நன்று' அதுதான். பீடாதிபதி பாலசுந்தரத்தைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். அடுத்த வருடம் பீடத்தில் இன்னும் நாலு துறைக்கு மதிப்பீடு வருகிறது, அவர்களிடமும் ஒரு அறிக்கையும் இல்லை, அந்த அம்மாவை விட்டுவிடவேண்டாம் என்றார்.

நீடிப்புக் கடிதம் நவம்பர் முதற் கிழமை கைக்கு வந்தது. ஒரு வருடம். காரணம் என்ற இடத்தில், 'பீடத்தின் ஆவணங்களை ஒழுங்குபடுத்துவதற்கு இன்றியமையாதவர்' என்றிருந்தது.

காலி வீதியில் மர்ஸூக்கின் கடையில் கணவனும் மனைவியும் அதை ஆறு போட்டோ கொப்பி எடுத்தார்கள். "ஆறு காணுமா டீச்சர்?" என்றார் மர்ஸூக். அவருக்குக் கண்ணாடி போட்ட பெண்கள் எல்லாரும் டீச்சர். "போன கிழமை ஒத்தர் பதினைஞ்சு எடுத்தாரு. எங்க மறிச்சாலும் காட்ட, சட்டைப் பையில ஒண்டு, காற்சட்டையில ஒண்டு."

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் கடிதத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். "ஒரு வருசம்தானா? அதுக்குப் பிறகு?" என்று சிங்களத்தில் கேட்டார். "என்ன வேலை?"

"பழைய கூட்டங்களின் அறிக்கை, மாத்தயா. ஒழுங்காக்கி வைக்கிறது."

"பழைய கூட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?"

"வந்து பார்ப்பார்கள், மாத்தயா."

சார்ஜன்ட் அவரைப் பார்த்தார், நாகேந்திரத்தைப் பார்த்தார், பதிவேட்டில் இரண்டு கட்டத்திலும் வேகமாக எதையோ எழுதினார், முத்திரை குத்தி, பத்திரத்தில் அதையே பிரதி பண்ணி நீட்டினார். அடுத்த நவம்பர் வரச் சொன்னார்.

வெளியே வந்து காவலரண் மணல் மூட்டைகளைக் கடந்தார்கள். கடந்ததும் நாகேந்திரம் பத்திரத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"காரணம் எண்ட இடத்தில என்ன எழுதியிருக்கிறான்?"

நேசமலருக்குச் சிங்களம் வாசிக்க வரும். வாங்கிப் பார்த்தார், வெயிலுக்குச் சரித்துப் பார்த்தார். "விளங்கேல்லை. கோழி கிண்டின மாதிரிக் கிடக்கு."

"போய்க் கேட்டிருக்கலாமே?"

"கேட்டால் திரும்ப வாசிப்பான். வாசிச்சால் யோசிப்பான். பேசாமல் வாங்கோ."