வேலி தாண்டி வந்த கை

கிணற்றடி மோட்டாருக்கு வீட்டிலிருந்து போகும் வயரை, துணி காயப்போடும் கம்பியில் சுற்றியே கொண்டுபோவது தொண்ணூறுகளில் எங்கள் குளத்தூர்ப் பக்கத்து வழக்கம். தனியாகக் கம்பு நட யாருக்குப் பொறுமை?

அடுத்த வீட்டு ஞானம்மாள் அக்காவும் நானும் அப்போது பேசுவதில்லை. அவர்கள் வீட்டு அயனி மரத்துச் சருகு எங்கள் முற்றத்தில் விழுகிறது என்று நான்தான் சண்டையைத் தொடங்கியிருந்தேன்.

ஒரு மழைநாள் காலையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு, தலை துவட்டிய ஈரத் துவர்த்தைக் கம்பியில் போட்டார். போட்ட கை திரும்பவில்லை. வயரின் தோல் உரிந்து கம்பியில் கரண்ட் பாய்ந்திருக்கிறது. அவர் உடம்பு உதறியது. நான் அலறிக்கொண்டு அவரைப் பிடிக்க ஓடினேன்.

பின்னாலிருந்து யாரோ என் கொண்டையைப் பிடித்து இழுக்க, சேற்றில் மல்லாந்து விழுந்தேன். வேலியைத் தாண்டி வந்த ஞானம்மாள் அக்கா!

"அவன தொடாதே மக்கா, நீயும் சேந்து போவ! ஓடிப்போய் மெயின அணை!"

ஓடினேன். அணைத்ததும் அவர் சரிந்து விழுந்தார். மூச்சு இருந்தது. ஜீப்பில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும்வரை அக்கா கூடவே நின்றாள்.

அவர் பிழைத்துக்கொண்டார். சருகுச் சண்டை மட்டும் அதன் பிறகும் ஓயவில்லை. சண்டை முற்றும்போது அக்கா கத்துவாள்: "அன்னைக்கு இழுத்த இழுப்பு ஒனக்குப் பத்தல்ல ஆக்கும்!" இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அக்கா தன் மகளோடு இருக்கப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. அயனி இன்னும் சருகு உதிர்க்கிறது. முற்றம் பெருக்கும்போது சில நாள், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சும்மாவேனும் சத்தம் போடுகிறேன். பதிலுக்குக் கத்த யாருமில்லை.