பங்கு போட்ட மாத்திரை

ஓர் ஆராய்ச்சிக்காக எனக்குக் கொடுத்த மாத்திரையில் பாதியை ஐந்து மாதம் என் தம்பிக்குக் கொடுத்தேன். ராமநாதபுரத்துக் கல்லூரியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நாங்கள் இருவருமே குடித்ததில்லை. ஆனால் இருவருக்கும் சர்க்கரை, இருவருக்கும் தொப்பை, இருவருக்கும் ஈரலில் கொழுப்பு. மதுரையில் ஒரு மருத்துவமனைக்குச் சேர்ந்தே போனோம். எனக்கு ஈரலில் தழும்பு தொடங்கியிருந்தது. அந்த நிலையில் இருப்பவர்களுக்குப் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். தம்பிக்கு ஈரல் இறுகிச் சுருங்கிவிட்டதால் அவனுக்கு அதில் இடமில்லை என்றார்கள். அவனுக்கு எழுதிக் கொடுத்தது ரத்த அழுத்தத்துக்குத் தரும் பழைய மாத்திரை.

திரும்பி வரும் பேருந்தில் அவன் அந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உனக்குப் புதுசு. எனக்கு மட்டும் கிழவிக்குக் குடுக்குற பிரஷர் மாத்திரையாண்ணே? எனக்குத்தான் நோவு ஜாஸ்தி."

"ஏலே, டாக்டர் யோசிச்சுத்தான் குடுத்திருப்பாக."

"படிச்சவுகளுக்குப் படிச்சவுக குடுத்துக்கிறீக."

விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு உறைத்தது. அய்யா ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும் என்றபோது நான் கல்லூரிக்குப் போனேன், அவன் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் எங்கள் வயலில் இறங்கினான். அதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அடுத்த வாரமே அவன் வயலுக்குப் போனேன். மோட்டார் அறையில் செய்தித்தாளை விரித்து, பாட்டிலைக் கவிழ்த்து, மாத்திரைகளை இரண்டு குவியலாகப் பிரித்தேன். எங்கள் பக்கத்தில் சொத்துப் பிரிக்கும்போது மூத்தவன் பங்கு வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான். அவனும் ஒரு குவியலைக் கையால் ஒதுக்கிக்கொண்டான். அன்று முதல் எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த நோட்டில் மட்டும் தினமும் சாப்பிட்டதாக டிக் போட்டேன். ஆய்வகத்தில் அளவைத் திருத்தி எழுதிய மாணவர்களை வெளியே நிறுத்திய கை அது.

இதைவிடப் பெரிய குற்றம் இரண்டு உண்டு. ஆராய்ச்சியில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே உருவத்தில் மருந்தில்லாத மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அதைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றிருப்பான். கொடுத்த திருப்தி எனக்குப் போயிருக்கும். மூன்றாம் மாதம் அவன், "அந்தப் பழசை நிறுத்திட்டேன்ணே, கிறுகிறுன்னு வருது. புதுசுதான் கேக்குதே" என்றான். "டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். இது இரண்டாவது.

ஐந்தாம் மாதம் ஒருநாள் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் ரத்தமாக வாந்தி எடுத்தான். தம்பி மனைவி காரில் மதுரைக்குக் கொண்டுபோனாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பெண் மருத்துவர் ஒருவர் எங்களிடம் வந்தார்.

"வேற ஏதாவது சாப்பிட்டாரா? நாட்டு மருந்து, பொடி, லேகியம்?"

தம்பி மனைவிக்கு எதுவும் தெரியாது. என்னைப் பார்த்தாள்.

"இல்லைம்மா" என்றேன்.

ஒரு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள், நாலு பேர் முன் தலைகுனிய வேண்டும் என்பதுதான் மனதில் ஓடியது. உள்ளே தம்பி கிடக்கும்போது இதுதான் ஓடியது.

பக்கத்திலிருந்த தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "விவரம் தெரிஞ்ச அத்தான் கூட இருக்கீகன்னுதான் தெம்பா இருக்கேன்."

எழுந்து போய் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அவசரத்துக்கு யாருக்கு என்ன மாத்திரை என்ற ரகசியத்தைத் திறந்து பார்க்க ஏற்பாடு உண்டாம். போன் செய்தார். சற்று நேரத்தில் பதில் வந்தது.

"உங்களுக்கு வந்தது மாவு மாத்திரை சார். அதனால எந்தக் கெடுதலும் இல்ல. ஆனா நிறுத்தினாரே அந்தப் பழசு, ஈரலுக்குப் போற ரத்தக்குழாயில அழுத்தத்தைக் குறைக்கிறது அதுதான். அழுத்தம் ஏறினா உணவுக்குழாயில புடைச்சிருக்கிற குழாய் வெடிக்கும். பிரஷர் மாத்திரையா இருந்ததை ஈரலுக்கும் உதவும்னு ஆராய்ச்சி பண்ணித்தான் கண்டுபிடிச்சாங்க."

வாய் வழியே கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்து, வெடித்த இடத்தில் ரப்பர் வளையம் போட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள். ஈரல் இறுகினால் ஆள் முடிந்தான் என்று பேசிய காலத்தில் வளர்ந்தவன் நான். இப்போது அப்படியில்லை. சொன்ன மருந்தைச் சொன்னபடி சாப்பிட்டு, சொன்ன நாளில் போய்க் காட்டினால் வருடக்கணக்கில் வயலுக்குப் போய்வரலாம். தம்பி போகிறான்.

மருத்துவமனையில் மூன்றாம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்ததும், நான் கொடுத்தது மாவு மாத்திரை என்று சொன்னேன்.

"மாவா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சொத்துல நல்ல வயலாப் பாத்துக் குடுத்த. மாத்திரையில மாவைக் குடுத்திட்டியேண்ணே!" பிறகு கேட்டான்: "மாவா இருக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"இருக்கலாம்னு தெரியும்லே."

சிரிப்பு நின்றது. "அதைச் சொல்லியிருக்கலாம்ல" என்றான். அண்ணே என்று சேர்க்கவில்லை. தம்பி மனைவி அவனுடைய மாத்திரைப் பெட்டியை என் பக்கமிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஆராய்ச்சி அலுவலகத்துக்குப் போனேன். டிக் போட்ட நோட்டு பொய் என்று சொன்னேன்; என் பரிசோதனை அளவுகளை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள். விலகும் படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. மாத்திரையைத் தம்பிக்குக் கொடுத்ததையும், மாவாக இருக்கலாம் என்று அவனிடம் சொல்லாததையும், மருத்துவர் கேட்டபோது ஒரு மணி நேரம் மறைத்ததையும் எழுதினேன். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

அங்கிருந்த நர்ஸ் படித்துப் பார்த்தார். "இவ்வளவு வேணாம் சார். சொந்தக் காரணம்னு போட்டாப் போதும். வேற தாள் தரவா?"

"வேணாம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.