இருநூற்றுப் பதினாலாம் நம்பர் வாளி

வட்டகொடையிலிருந்து அக்காவின் கணவர் வந்தால் எங்கள் வீட்டில் பழைய சாமான் எதுவும் நிம்மதியாக இருக்க முடியாது. போனில் படம் பிடித்து, செயற்கை நுண்ணறிவிடம் விலை கேட்டுவிடுவார். போன மாதம் சிக்கியது, அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது தேத்தண்ணி கொண்டுபோன பித்தளை வாளி.

அடியில் கீறியிருந்த 214ஐப் பார்த்ததும் அந்த மகா மேதைக்குப் புல்லரித்துவிட்டது. “வரிசை எண் பொறித்த அரிய கலைப்பொருள், எண்பதாயிரம் ரூபாய்” என்றது.

அது தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள்கணக்குப் புத்தகத்தில், அம்மாவின் நம்பர். வாளி மாறிவிடக் கூடாதென்று அவரே ஆணியால் கீறியது. முப்பது வருடமாக, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் அவரை அந்த நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

எண்பதாயிரம் என்றதும் அக்கா கணவருக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அப்ப என்னையும் ஒரு படம் புடிச்சுக் கேளுங்க மாப்பிள்ள. அந்த நம்பர் நாந்தானே.”